எண் பதினான்கு, இடை இருபத்தாறரை: 1950களின் அமெரிக்க ஆயத்த உடை ஒன்றை இன்றைய உடலுக்குப் பொருத்திய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், உடைகளைத் திருத்தித் தரும் சிறிய தையலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பதும் மணப்பெண்ணின் உடையைப் பிடித்துத் தருவதும்தான் பெரும்பாலும் வரும் வேலைகள். அறுபது, எழுபது ஆண்டுப் பழைய உடைகள் ஆண்டுக்கு நாலைந்து வந்தால் அதிகம். அப்படி வந்த ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தினரின் ஒப்புதல் பெற்று, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கியிருக்கிறேன்.

பிப்ரவரி மாத இறுதியில் முப்பத்து மூன்று வயதுப் பெண் ஒருவர் கருநீலப் பருத்திக் கவுன் ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளைப் பூக்கள் அச்சிட்ட துணி, உடலோடு ஒட்டிய மேல்பகுதி, குட்டைக் கை, இடையிலிருந்து மடிப்பு மடிப்பாக விரியும் பாவாடை, முதுகின் நடுவே உலோக ஜிப், அதே துணியில் செய்த பெல்ட். அவருடைய பாட்டி 1957இல், தம் இருபத்திரண்டாம் வயதில், ஒரு பல்பொருள் அங்காடியில் வாங்கிய உடை அது. ஜூன் மாதத்தில் பாட்டிக்குத் தொண்ணூறு நிறைகிறது. அந்த விழாவில் இதை அணிந்து அவர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது பேத்தியின் ஆசை.

அவர் கேட்டுக்கொண்டு வந்ததுதான் இந்த நிகழ்வை எழுதத் தூண்டியது. கடையில் அவர் வாங்கும் உடைகளின் எண் 8. இந்த உடையின் கழுத்துக்குள் தைத்திருந்த எண் 14. ஆகவே உடை தமக்குத் தொளதொளவென்று இருக்கும், அதைப் பிடித்துச் சிறிதாக்கித் தர வேண்டும் என்றார். பழைய ஜிப் அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில் வீட்டில் போட்டுப் பார்க்கவில்லை. உடையை மேசைமேல் விரித்து அளவு நாடாவை வைத்த மறுநிமிடமே, சிறிதாக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

ஒரு சொல் விளக்கம். பேச்சுத் தமிழில் இரண்டுக்குமே இடுப்பு என்றுதான் சொல்கிறோம். இந்தப் பதிவில், உடல் மிகவும் ஒடுங்கும் இடத்தை இடை என்றும், அதற்குக் கீழே மிகவும் அகலும் இடத்தை இடுப்பு என்றும் குறிப்பிடுகிறேன்.

உடையின் காலத்தை உறுதி செய்தது

பாட்டி சொன்ன ஆண்டு சரிதானா என்பதை உடையே சொல்லட்டும் என்று முதலில் உட்புறத்தைப் பார்த்தேன். இடப்பக்கத் தையலுக்குள் இன்டர்நேஷனல் லேடீஸ் கார்மென்ட் வொர்க்கர்ஸ் யூனியன் என்ற பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் முத்திரைத் துணி இருந்தது, அதில் ஏ.எஃப்.எல்.–சி.ஐ.ஓ. என்ற எழுத்துகளும் இருந்தன. அந்த இரு தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் 1955 டிசம்பரில்தான் ஒன்றிணைந்தன. ஆகவே உடை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. என்ன இழையில் நெய்த துணி என்று சொல்லும் குறிப்பு எங்கும் இல்லை. அப்படியொரு குறிப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் 1958இல் நிறைவேறி 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எப்படித் துவைப்பது என்ற குறிப்பும் இல்லை. அது 1972க்குப் பிறகு வந்த வழக்கம். குறிப்புத் துணிகள் கிழிந்து விழுந்திருக்கவும் கூடும் என்பதால் இல்லாததைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். ஆனால் இங்கே குறிப்பு தைத்திருந்த தடமே இல்லை. 1957 என்பது பொருந்தியது.

இழையைச் சோதிக்க, உள் தையலிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். காகிதம் எரியும் வாடையும் ஊதினால் பறக்கும் சாம்பலும் வந்ததால் மேல்துணி பருத்தி. மேல்பகுதியின் லைனிங் நூலின்மேல் அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி ஒரு சொட்டு விட்டபோது அது பசைபோல இளகியது. அசிட்டேட் இழை அசிட்டோனில் கரைவது அப்படித்தான். கறை எடுக்கும் திரவங்களை இந்த உடையின் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று பேத்திக்குக் குறித்துக் கொடுத்தேன்.

பெல்ட் அதற்குள் பாழாகியிருந்தது. உடையை மட்டும் நான் பார்த்துக்கொள்வேன் என்று எண்ணி, பெல்ட்டை அவர் வீட்டிலேயே ஊறவைத்துத் துவைத்துவிட்டார். அக்காலத்து பெல்ட்டுகள் பலவற்றில் துணிக்கு உள்ளே இருப்பது அட்டை. அது ஊறி உப்பி, உலர்ந்தபோது நெளிந்துவிட்டது. ஆயினும் அந்த பெல்ட் எனக்கு ஒரு செய்தி சொன்னது. ஐந்து துளைகளில் இரண்டாவது மட்டும் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது. அதன் அருகே துணியில் குறுக்கே ஓர் ஆழ்ந்த மடிப்புக் கோடு. கொக்கியிலிருந்து அந்தத் துளை வரை அளந்தால் 26½ அங்குலம்.

எண் ஏன் ஏமாற்றியது

இன்றைய 8ஐவிட அன்றைய 14 சிறியதாக இருப்பது விந்தை போலத் தோன்றினாலும், அமெரிக்க ஆடை எண்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது எதிர்பார்த்ததே. 1939–40இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் மனையியல் பிரிவு ஏறத்தாழ 15,000 பெண்களை அளவெடுத்தது. ஒவ்வொருவரிடமும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அளவுகள் எடுக்கப்பட்டன. ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகிய இருவர் தொகுத்த அறிக்கை 1941இல் வெளியானது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். சராசரி அமெரிக்கப் பெண் என்று பின்னால் சொல்லப்பட்டவர் அமெரிக்கப் பெண்கள் எல்லாரின் சராசரி அல்லர். அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்கள், வாங்கிய உடைகள் பொருந்தாமல் திரும்பி வருவதைப் பொறுக்க முடியாமல் ஒரு பொது அளவை வேண்டும் என்று கேட்டுக்கொண்டதன் பேரில், அந்தத் தரவுகளை அடிப்படையாகக் கொண்டு, தேசியத் தரநிலைகள் அலுவலகம் 1958இல் சி.எஸ். 215-58 என்ற தரநிலையை வெளியிட்டது. அதில் எண் 8க்கு மார்பு 31 அங்குலம், இடை 23½ அங்குலம். 1995இல் ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிலை அமைப்பு வெளியிட்ட டி5585 அட்டவணையில் அதே எண் 8க்கு மார்பு 35, இடை 27. எண் மாறவில்லை, இடை மூன்றரை அங்குலம் அகன்றுவிட்டது.

1958இன் தரநிலையைப் பின்பற்றுவது கட்டாயமாக இருந்ததில்லை. 1970இல் அது திருத்தப்பட்டது, 1983இல் அறவே கைவிடப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளர் சிறிய எண்ணைக் கண்டு மகிழட்டும் என்று எண்களைத் தன் விருப்பப்படி இறக்கிக்கொண்டது. இந்தப் பேத்தி வாங்கும் கடைகளில் எண் 8 என்பது 30 அங்குலத்தை ஒட்டிய இடைக்கும் இடம் தருகிறது.

இதற்கிடையே உடல்களும் மாறியிருக்கின்றன. அரசின் உடல்நல அளவீடுகளின்படி 1960களின் தொடக்கத்தில் வயது வந்த அமெரிக்கப் பெண்ணின் சராசரி எடை ஏறத்தாழ 140 பவுண்டு. 2002இல் ஏறத்தாழ 164 பவுண்டு. உயரம் கூடியது ஓர் அங்குல அளவுக்குத்தான். ஆயினும் எண்ணும் உடலும் தனித்தனியே நகர்ந்தவை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்று எண் 8 அணியும் ஒருவர் 1957இன் எண் 14க்குள் நுழைய முடியாமல் போவதற்கு அவர் பருத்துவிட்டார் என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. பேத்தி முகம் சுருங்கி நின்றபோது இதைத்தான் அவரிடம் விளக்கினேன்.

இந்த உடையோ 1958இன் தரநிலைக்கும் முந்தியது. அதன் 14, ஆடைத் தொழில் நிறைந்த நியூயார்க்கின் ஏழாம் அவென்யூவிலோ வேறெங்கோ இருந்த ஒரு தயாரிப்பாளர் தன் தையல் பொம்மைக்கு வைத்துக்கொண்ட எண், அவ்வளவே. அந்த எண்ணிலிருந்து அறிய முடிந்தது ஒன்றுதான்: இரட்டைப்படை எண் என்பதால் இது சராசரி உடல்வாகுள்ள வயது வந்த பெண்களுக்கான மிஸஸ் (Misses) என்ற வரிசையைச் சேர்ந்தது. 9, 11, 13 என்று ஒற்றைப்படையில் செல்பவை ஜூனியர் வரிசை; 16½, 18½ என்று அரையோடு முடிபவை, குள்ளமாகவும் இடை சற்றுத் தடித்தும் இருப்பவர்களுக்கான வரிசை. பழைய உடை வாங்க நினைப்பவர்கள் அந்த அரை எண்களைத் தேடலாம் என்பது என் கருத்து. இன்றைய இடைகளுக்கு அவை பெரும்பாலும் நன்றாக அமைகின்றன.

அளவெடுத்தபோது தெரிந்தவை

உடையின் ஜிப்பைப் பூட்டி, மேசையில் இழுக்காமல் விரித்து அளந்தேன். மார்பு 37½ அங்குலம், இடை 26½, பின்கழுத்திலிருந்து இடை வரை 15½, கைக்குழியின் சுற்று 16¼. பாவாடை விரிந்தது என்பதால் இடுப்பைப் பற்றிக் கவலை இல்லை. பேத்தியின் மார்பு 37, இடை 30½. உயரம் 5 அடி 6½ அங்குலம். பாட்டி அந்நாளில் 5 அடி 2½ அங்குலம் இருந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள்.

மூச்சு விடவும் உட்காரவும் இடையில் ஓர் அங்குலமாவது தளர்வு வேண்டும் என்று வைத்தால், பற்றாக்குறை ஐந்து அங்குலம். ஆயத்த உடையில் ஐந்து அங்குலம் என்பது பிரித்து விட்டுச் சமாளிக்கும் அளவு அன்று. நம் ஊர்த் தையற்காரர் ரவிக்கை தைத்தால், பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் ஓட்டி உள்ளே தாராளமாகத் துணி விட்டிருப்பார். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஒவ்வொரு கால் அங்குலமும் காசு என்பதால், இங்கே உள்ளே விடும் துணி அரை அங்குலத்தை ஒட்டியே இருக்கும். மடித்துத் தைக்காமல் அரம்பப் பல் போல வெட்டிய ஓரம், அவ்வளவுதான்.

அளவு நாடாவில் பிடிபடாத இரண்டும் இருந்தன. ஒன்று, அக்குள். இரு கைகளுக்குக் கீழும் துணியின் நீலம் பழுப்பாக மாறி, தொட்டால் மற்ற இடங்களைவிடச் சற்று விறைப்பாக இருந்தது. வியர்வையோடு அக்காலத்து வியர்வைத் தடுப்புப் பூச்சுகளில் இருந்த அலுமினியம் குளோரைடின் அமிலத்தன்மையும் சேர்ந்து பருத்தி இழையை அரித்துவிடும். கண்ணுக்கு முழுத்துணியாகத் தெரிந்தாலும் அதில் வலு இராது. இரண்டாவது, மார்புக்கான டார்ட், அதாவது மார்பின் வளைவுக்காகத் துணியைக் கூராக மடித்துத் தைத்த மடிப்பு, முடியும் புள்ளி. அது பேத்தியின் உடலில் விழ வேண்டிய இடத்தைவிட ஓர் அங்குலம் மேலே இருந்தது. அன்றைய மார்புக் கச்சைகள் கூம்பாகத் தைக்கப்பட்டு மார்பை உயர்த்திப் பிடித்தவை. அந்த உள்ளாடையை மனத்தில் கொண்டு வெட்டிய உடை, வெறும் உடலுக்கு வெட்டியது போல நடந்துகொள்ளாது.

முதல் முடிவும் அதன் பிழையும்

இரு பக்கத் தையல்களையும் அக்குளிலிருந்து இடைக்குக் கீழே வரை பிரித்து, பக்கத்துக்கு இரண்டரை அங்குலத் துண்டு சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்தேன். பக்கவாட்டில் சேர்த்தால் கை மறைத்துக்கொள்ளும். முன்னும் பின்னும் உடை பழையபடியே தெரியும். துண்டுக்கான துணியைப் பாவாடையின் கீழ் மடிப்பிலிருந்து எடுக்கலாம் என்றும் எண்ணினேன். அங்கே 2½ அங்குல மடிப்பு சுற்றிலும் இருந்தது. ஆனால் பாட்டியைவிடப் பேத்தி நான்கு அங்குலம் உயரம். அவருக்கு அதே மடிப்பைப் பிரித்து நீளம் கூட்டவும் வேண்டியிருந்தது. நீளத்துக்கா அகலத்துக்கா என்ற கேள்வியை அடுத்த சந்திப்புக்குத் தள்ளிவைத்தது, பின்னர் பார்க்கும்போது, நல்லதாயிற்று. அதுவரை கத்தரிக்கோலைக் கையில் எடுக்கவில்லை.

மார்ச் இரண்டாம் வாரத்தில் பக்கத் தையல்களை இடைப் பகுதியில் மட்டும் பிரித்து, காடாத் துணிப் பட்டைகளை ஓட்டுத்தையலால் தற்காலிகமாக இணைத்துப் போட்டுப் பார்த்தோம். இடை பொருந்தியது. கண்ணாடியில் பார்த்து அவர் மகிழ்ந்தார். எந்த உடையைப் பொருத்தினாலும் கையை உயர்த்திப் பாருங்கள் என்று சொல்வது என் வழக்கம், அன்றும் சொன்னேன். வலக்கை தோள் உயரத்துக்கு எழுவதற்குள், உலர்ந்த இலை மடிவது போன்ற சிறு ஓசை கேட்டது. வலப்பக்கக் கைக்குழியின் பின்புறம், தையலை ஒட்டி, 1¼ அங்குலம் துணியே கிழிந்திருந்தது. தையல் அப்படியே இருந்தது.

பிழை என்னுடையது. வலுவிழந்த அக்குளைக் கண்ட பிறகும் கையை உயர்த்தச் சொன்னது ஒன்று. அதைவிடப் பெரியது, இடையிலேயே மனம் சிக்கி, முதுகின் குறுக்களவை எடுக்காமல் விட்டது. கிழிந்த பிறகு எடுத்தேன்: பேத்தியின் முதுகு ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழி வரை 14¾ அங்குலம், உடையில் 13½. பள்ளிப் பருவத்திலிருந்து நீச்சலில் ஈடுபட்டவர் அவர். பக்கவாட்டில் எவ்வளவு துண்டு சேர்த்தாலும் முதுகுக்கு ஒரு நூல்கூடக் கிடைத்திருக்காது.

கைக்குழி உயர்ந்தும் ஒட்டியும் இருந்ததுதான் கிழியக் காரணம் என்று பேத்தி எண்ணினார். அது சரியன்று. உடலுக்கு நெருக்கமாக உயர்த்தி வெட்டிய கைக்குழியில் கை தனியே அசையும். தாழ்த்தி வெட்டியதில்தான் கையோடு சேர்ந்து உடை முழுவதும் மேலே எழும். அக்காலத்து ஆயத்த உடைகளில் நான் மிகவும் மதிப்பது இந்த வெட்டைத்தான்.

பாட்டி சொன்னதும் தையல் சொன்னதும்

வேலையை நிறுத்தினேன். உடையின் உரிமையாளர் உயிரோடிருக்க, அவரிடம் ஒரு சொல் கேட்காமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பேத்திக்குத் தயக்கம், விழாவில் திடீரென்று காட்டி வியக்க வைக்க எண்ணியிருந்தார். ஆயினும் கிழிந்ததை மறைக்க விரும்பாமல் தொலைபேசியில் பேசினார், நானும் உடனிருந்தேன்.

பாட்டி கிழிசலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்டார். இந்த உடையை அவர் ஒருபோதும் கர்டில் இல்லாமல் அணிந்ததில்லை. வயிற்றிலிருந்து தொடை வரை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் கலந்த உள்ளாடை அது. அதன்மேல் இடைக்குத் தனியே ஓர் இறுக்குப் பட்டியும் அணிந்தாராம். அவருடைய இயல்பான இடை 28 அங்குலத்தை ஒட்டியிருந்தது. பெல்ட்டின் இரண்டாம் துளை காட்டிய 26½ உள்ளாடைகள் செய்த அளவு. உட்கார்ந்து உணவருந்தும் விழாக்களுக்கு இதை அணிவதில்லை என்றும், நடனத்துக்கு மட்டும்தான் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அடுத்து அவர் சொன்னது என் வேலையையே மாற்றியது. வாங்கிய அன்றே அங்காடியின் திருத்தப் பிரிவில் கொடுத்து இடையைப் பிடிக்கச் சொன்னதாக அவருக்கு நினைவிருந்தது. பக்கத் தையலைப் பிரித்தபோது, அதற்கு இணையாக மற்றொரு வரிசை ஊசித் துளைகளை நான் பார்த்திருந்தேன்; தொழிற்சாலையில் தவறித் தைத்துத் திருத்தியது என்று கடந்துபோய்விட்டேன். மறுபடி விளக்குக்கு அருகே பிடித்து அளந்தேன். துளை வரிசை அக்குளில் இன்றைய தையலோடு ஒன்றியிருந்தது. இறங்க இறங்க விலகி இடையில் முக்கால் அங்குலத்தின் பாதி, அதாவது துணிக்கு ⅜ அங்குலம், தள்ளி நின்றது. இரு பக்கமும் நான்கு துணிகளையும் கூட்டினால் 1½ அங்குலம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்த உடையின் இடை 28. கழுத்தில் இருந்த 14 குறித்தது அந்த உடையை. என் மேசையில் இருந்தது 1957இல் ஒருமுறை திருத்தப்பட்ட உடை.

இரண்டாம் முடிவு

மூன்று வழிகள் இருந்தன. உடையைப் பார்த்து வடிவம் எடுத்துப் புதுத்துணியில் பேத்தியின் அளவுக்கு ஒன்று தைப்பது பாதுகாப்பானது. நான் அதையே பரிந்துரைத்தேன். பேத்திக்கு அரை மனம். பாட்டி அடியோடு மறுத்துவிட்டார்: பெட்டிக்குள் அறுபது ஆண்டுக்கு மேல் கிடந்தது போதும், வெட்டியாவது போடட்டும் என்பது அவர் பக்கம். வெட்ட என் மனம் ஒப்பவில்லை. இருவருக்கும் இடையே, முதுகின் நடுவே துண்டு சேர்க்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஜிப் கழுத்திலிருந்து இடைக்குக் கீழே ஏழு அங்குலம் வரை சென்றதால், அதைத் திறந்து வைத்தாலே உடை பின்னால் இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியில் ஒரு நீண்ட துண்டு: கழுத்தில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, இடையில் அகன்று, ஜிப் முடியும் இடத்தில் மீண்டும் ஒன்றுமில்லாமல் முடிவது. இடைக்கு மட்டுமன்றி முதுகுக்கும் இது அகலம் தரும் என்பதே இந்த வழியைத் தேர்ந்ததற்குக் காரணம். கழுத்தை அகலப்படுத்தாததால் தோள் நழுவாது.

எவ்வளவு அகலம் என்பதில் ஒரு நுட்பம் இருந்தது. பேத்தியின் பின்கழுத்திலிருந்து இடை 16½ அங்குலம், உடையில் 15½. ஆகவே உடையின் இடை அவருடைய இடைக்கு ஓர் அங்குலம் மேலே, விலா எலும்பு தொடங்கும் இடத்தில் விழுகிறது. அங்கே அளந்தால் 30½ அன்று, 31. அரை அங்குலத் தளர்வு சேர்த்து 31½. அங்காடியின் தையலைப் பிரித்துத் தொழிற்சாலையின் துளை வரிசைக்கே திரும்பத் தைத்தால் 28 கிடைக்கும். மீதி 3½ அங்குலம் துண்டின் அகலம். தொழிற்சாலைத் தையலையும் தாண்டி உள் துணியைக் கரைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்து யாரேனும் திருத்த வேண்டியிருந்தால் அவர்களுக்கு மிஞ்சியிருப்பது அந்த அரை அங்குலம்தான். முதுகின் குறுக்கே, துண்டு அந்த உயரத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம் கொடுத்தது. தேவையைவிட மயிரிழை குறைவு.

துண்டு பூப்போடாத கருநீலப் பருத்தி சாட்டின். அதே பூ கிடைக்காது. கிடைத்தாலும் அறுபது ஆண்டு மங்கிய நிறத்தோடு ஒன்றாது. ஒப்பனை செய்து ஏமாற்றுவதைவிட, வேறு துணி என்று தெரிவதே மேல். துண்டின் இடப்பக்கத்தை ஜிப்பின் நாடாவோடு மட்டும் கையால் தைத்தேன். ஊசி ஓரிடத்திலும் உடையின் துணிக்குள் நுழையவில்லை. வலப்பக்கம் நாடாவில் ஒரு பட்டையை இணைத்து, அதில் பதினெட்டுக் கொக்கிகள். உலோகப் பற்கள் முதுகை உராயாதிருக்க உள்ளே ஒரு மெல்லிய உறை.

கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்து, ஒற்றை இழையால் நெருக்கமாகத் தைத்தேன். இரு அக்குள்களுக்கும் அதே காப்பு. கீழ் மடிப்பைத் தொடவில்லை. பிரித்திருந்தால் பழைய மடிப்பின் மங்கிய கோடு பாவாடையைச் சுற்றி வெளியே தெரிந்திருக்கும். பாட்டிக்குக் கெண்டைக்கால் நடுவில் நின்ற பாவாடை பேத்திக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. அதில் குறை ஒன்றுமில்லை. அக்கால வெட்டில் இன்றும் விற்கும் மார்புக் கச்சை ஒன்றை அவர் வாங்கி அணிந்ததும் டார்ட்டின் சுருக்கம் பெரும்பாலும் மறைந்தது. கர்டிலையும் முயன்றார், முக்கால் அங்குலம் குறைந்தது, இருபது நிமிடத்தில் கழற்றிவிட்டார். பழைய பெல்ட்டை நீட்ட வழியில்லை என்பதால் துண்டின் துணியிலேயே புதிதாக ஒன்று செய்தேன். எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது மணி நேர வேலை.

விழா நாளும் அதற்குப் பிறகும்

ஏறத்தாழ நான்கு மணி நேரம் அணிந்திருந்தார். கையைத் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பாட்டியின் நாற்காலியை இழுக்கக் குனிந்தபோது இடைக்கு மேலிருந்த இரண்டு கொக்கிகள் விடுபட்டன. அக்காள் ஒருவர் மாட்டிவிட்டார். மறுவாரம் உடை என்னிடம் வந்தபோது புதிய கிழிசல் இல்லை. இடப்பக்க அக்குளில், காப்புத் துணிக்கு மேலே, இழைகள் சற்று விலகியிருந்தன. இன்னொரு முறை அணிந்தால் அங்கே பிரியும் என்று சொல்லிவிட்டேன்.

விழாவில் பாட்டி முன்புறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொன்னாராம். முதுகில் இருந்த பூவில்லாத பட்டையை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்து, இது அந்நாளிலேயே இருந்திருந்தால் தாமும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம் என்றாராம்.

அடுத்த முறை மாற்றுவது

இப்போது பழைய உடை எது வந்தாலும், அதை உடலில் ஏற்றுவதற்கு முன் முதுகின் குறுக்களவு, பின்கழுத்திலிருந்து இடை, கைக்குழி, மேற்கைச் சுற்று ஆகியவற்றை இரு பக்கமும் எடுத்து எழுதிக்கொள்கிறேன். மார்பும் இடையும் அதற்குப் பிறகுதான். உடலின் இடையை அதன் இயல்பான இடத்தில் மட்டுமன்றி, உடையின் இடை விழும் இடத்திலும் அளக்கிறேன். கையை உயர்த்தும் சோதனையை உடையில் செய்வதில்லை. அதே அளவில் காடாத் துணியில் மேல்பகுதியை மட்டும் தைத்து அதில் செய்கிறேன். இரண்டு மணி நேரம் கூடுதல் வேலைதான். அந்தக் கிழிசலைத் தைக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. உடையை முதலில் அணிந்தவர் இருந்தால் அவரிடம் உள்ளாடை, திருத்தம் இரண்டையும் பற்றிக் கேட்கிறேன். இல்லாவிட்டால் ஊசித் துளைகளை விளக்கு வெளிச்சத்தில் தேடுகிறேன்.

துண்டை எடுத்துவிட்டேன், பக்கத் தையல் தொழிற்சாலைக் கோட்டிலேயே, 28 அங்குலத்தில், நிற்கிறது. 26½க்குத் திரும்பப் பிடிக்கட்டுமா என்று கேட்டதற்குப் பாட்டி வேண்டாம் என்றார். துண்டையும் பட்டையையும், நெளிந்த பழைய பெல்ட்டையும், அளவுகள் எழுதிய தாளையும் ஒரு பருத்திப் பையில் இட்டு, உடையோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.